சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்

கேள்வி: எனக்கு வயது 34. இரவு இரண்டு, இரண்டரை மணிக்குத் திடுக்கென்று விழிப்பு வரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை சில்லிட்டுப் போகும், செத்துவிடுவேனோ என்று தோன்றும். யாரையும் எழுப்ப மனம் வராமல் ஐந்து மாதத்துக்கு முன் ஒரு தெரபி ஆப்பில் சேர்ந்தேன். சேரும்போது ‘என்ன பிரச்சினை’ என்று ஒரு பட்டியல் காட்டியது. பதற்றம், தூக்கமின்மை இரண்டையும் தொட்டேன். அதில் ஒரு சாட்பாட் உண்டு, வாரம் ஒருமுறை வீடியோவில் பேச ஓர் ஆலோசகரும் உண்டு. முதல் ஆறு வாரம் நன்றாக இருந்தது. மூச்சுப் பயிற்சி கைகொடுத்தது. ஏழாவது வாரம் ஒரு காலையில் திறந்தால், ‘உங்கள் புதிய தெரபிஸ்ட்டைச் சந்தியுங்கள்’ என்று வேறொருவர் படம். பழையவர் ஏன் போனார் என்று ஒரு வார்த்தை இல்லை. புதியவர் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தினமும் இரவு ஐந்து முகங்கள் வரும், இன்று எப்படி இருந்தீர்கள் என்று. ஒருநாள் கடைசி முகத்தை, அழுகிற முகத்தைத் தொட்டேன். திரை முழுக்கச் சிவப்புப் பெட்டி, ‘நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்களா?’ என்ற கேள்வி, கீழே உதவி எண்கள். பயந்துபோனேன். அன்றிலிருந்து சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். வரைபடம் ஏறிக்கொண்டே போகிறது. ஆலோசகரும் ‘நல்ல முன்னேற்றம்’ என்கிறார். ஆனால் விழிப்பு நிற்கவில்லை. இப்போதெல்லாம் போனில் சார்ஜ் குறைந்தாலே படபடப்பு வருகிறது. ரிவ்யூக்களைப் பார்த்தால் பாதிப் பேர் ‘என்னைக் காப்பாற்றியது’ என்கிறார்கள், பாதிப் பேர் ‘பணம் பிடுங்கும் வேலை’ என்கிறார்கள். ஆப் வேறு தினமும் நட்சத்திரம் போடச் சொல்கிறது. நேரில் யாரையாவது பார் என்கிறாள் அக்கா. மூன்றாவது முறையாக முதலிலிருந்து கதை சொல்ல என்னால் ஆகாது. தப்பு ஆப்பிலா, என்னிடமா? தொடரலாமா, நிறுத்திவிடலாமா? அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, அதனால்தான் இப்படியெல்லாம் யோசிக்கிறேனோ என்னவோ.

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டுப் படுத்துக்கொள்வதாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் அந்த வரியிலேயே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

அன்றிரவு அழுகிற முகத்தைத் தொட்டபோது மனதில் என்ன இருந்தது? நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு இருந்ததா? இப்போது இருக்கிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று பலர் தயங்குவார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டதும் ‘அப்பாடா, ஒருத்தராவது கேட்டார்களே’ என்று தோள் தளர்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் பதில் ‘ஆமாம்’ என்றால் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அக்காவிடம் அதைச் சொல்லுங்கள். இன்றைக்கே ஒரு மனநல மருத்துவரையோ, அவசர சிகிச்சைப் பிரிவையோ, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ நாடுங்கள். அந்த வேலைக்கு ஆப் ஆகாது. பெரும்பாலான ஆப்கள் இதைத் தங்கள் விதிமுறைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன, யாரும் படிப்பதில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குத் தெரிவது செத்துவிடுவோமோ என்ற பயம். சாக வேண்டும் என்ற எண்ணம் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. ஆனாலும் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் அடித்துச் சொல்ல முடியாது. எதிரில் உட்கார்ந்திருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன், நீங்கள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்திருப்பேன்.

அந்தச் சிவப்புப் பெட்டிக்கு இது எதுவும் முடியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எல்லைக்கோடு மட்டும்: ஐந்தாவது முகம் என்றால் பெட்டியைக் காட்டு. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்று ஒரு வினாப்பட்டியல் உண்டு. ஒன்பது கேள்வி, மொத்த மதிப்பெண் 27. அதில் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. நேரில் அந்தக் கேள்விக்கு ஒருவர் ‘சில நாட்கள்’ என்று குறித்தால், நாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ‘சொல்லுங்கள்’ என்போம். ஆப்பால் பேனாவைக் கீழே வைக்க முடியாது, அதனால் எண்களைக் காட்டுகிறது. காட்டாமல் விட்டால் அதைவிடப் பெரிய தவறு, ஆகவே அந்தப் பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்த விதத்தில் உங்களுக்கு ஒரு பாடம் பதிந்துவிட்டது: உண்மையைச் சொன்னால் அலாரம் அடிக்கும், பொய் சொன்னால் நிம்மதியாகப் படுக்கலாம்.

இதை நீங்கள் மட்டும் செய்யவில்லை. ஆப் பயன்படுத்தும் பலர் என்னிடம் வந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, இதையே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் எப்போதும் நடு முகம்தான். இன்னொருவர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி மாற்றித் தொடுவாராம், ‘ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வருமே’ என்று. என் அறையிலும்தான் ஆட்கள் பொய் சொல்கிறார்கள். ‘இந்த வாரம் பரவாயில்லை’ என்பார்கள், ஆனால் நாற்காலிக்குக் கீழே வலது கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் காலைப் பார்த்துத்தான் நான் அடுத்த கேள்வியைக் கேட்பேன். உங்கள் ஆலோசகருக்குக் காலும் தெரியாது, கையும் தெரியாது. அவருக்குத் தெரிவது தோளுக்கு மேலே உள்ள ஒரு முகமும், ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடும். அந்தக் கோட்டைப் பார்த்து அவர் ‘முன்னேற்றம்’ என்றார். நீங்கள் மறுக்கவில்லை.

ஆக, இந்தச் சில மாதங்களாக அங்கே சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது, சிரித்த முகத்தைத் தொடும் ஒரு பெண்ணுக்கு. இரண்டரை மணிக்கு எழுந்து உட்காரும் பெண்ணுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

அதனால் ‘ஆப் நல்லதா கெட்டதா’ என்பதற்கு முன், அந்தப் பெண்ணை ஆலோசகருக்கு அறிமுகப்படுத்திவிட வேண்டும். ஒரு செய்தி அனுப்புங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள்:

“வரைபடத்தில் தெரிவது உண்மை இல்லை. சிவப்புப் பெட்டியைப் பார்த்துப் பயந்து, அன்றிலிருந்து நல்ல முகத்தையே தொட்டு வருகிறேன். இரவு விழிப்பு நிற்கவில்லை. அடுத்த வாரம் இதைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.”

இதற்கு என்ன பதில் வருகிறது என்பதைவிட நல்ல ரிவ்யூ உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. ‘சொன்னதற்கு நன்றி, அந்த இரவில் என்ன நடந்தது?’ என்று கேட்டால் அவர் வேலை தெரிந்தவர். ஆப்பில் இருந்தால் என்ன, எங்கே இருந்தால் என்ன, அவரை விட வேண்டாம். ‘உங்கள் உணர்வுகள் இயல்பானவை, தொடர்ந்து மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்’ என்று எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வரி வந்தால், ஒருமுறை வீடியோவில் நேராகக் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் சுமாராக இருந்து பேச்சில் நன்றாக இருப்பவர்களும் உண்டு. அங்கேயும் அதே வரிதான் என்றால் ஆளை மாற்றுங்கள். ‘ஏன் பொய் சொன்னீர்கள்?’ என்ற தொனியில் பதில் வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்தது, பழைய ஆலோசகர் காணாமல் போன விஷயம். நீங்கள் இதைச் சேவைக் குறைபாடு போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு தளத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்தேன். எனக்கு ஒதுக்கியிருந்தவர்களின் பெயர்கள் திரையின் இடதுபக்கம் வரிசையாக இருக்கும். பதில் அனுப்பத் தாமதமானால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு. சம்பளம் அனுப்பும் செய்திகளின் கணக்கில். சிவப்புக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவரின் விவாகரத்தைப் பற்றிப் படித்தால் என்ன பதில் எழுதுவீர்கள்? நானும் அதையேதான் எழுதினேன்: ‘இது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று புரிகிறது.’ முந்தைய நாள் வேறொருவருக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியதும் உண்டு. விலகுகிறேன் என்று நான் கடிதம் கொடுத்த அன்று மாலையே என் கணக்கை மூடிவிட்டார்கள். ‘வியாழக்கிழமை உங்கள் அண்ணனைப் பற்றிப் பேசுவோம்’ என்று ஒருவரிடம் சொல்லியிருந்தேன். அந்த வியாழக்கிழமை அவர் திரையில் என் படத்துக்குப் பதில் வேறு படம் வந்திருக்கும். உங்களுக்கு வந்தது போல.

உங்களுடையவரும் அப்படித்தான் போனார் என்று சொல்ல வரவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் போனது உங்களைப் பிடிக்காமல் அல்ல என்று நூற்றுக்குத் தொண்ணூறு சொல்வேன். இந்தத் தொழிலில் விடைபெறுவதும் சிகிச்சையில் சேர்த்தி. கடைசிச் சந்திப்பு எப்போது என்பதை வாரக்கணக்கில் முன்கூட்டியே பேசுவோம், இதுவரை என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்ப்போம், வருத்தம் இருந்தால் அதையும் பேசுவோம். அந்த இடத்தில் உங்களுக்குக் கிடைத்தது ஒரு நோட்டிஃபிகேஷன். ‘தப்பு ஆப்பிலா, என்னிடமா’ என்று கேட்டீர்களே, இந்த ஒன்றில் சந்தேகமே வேண்டாம், தப்பு அவர்களுடையது.

இயந்திரத்தோடு பேசினால் இந்தச் சிக்கல் இல்லை, அது எங்கும் போகாது என்று சிலர் நினைப்பதுண்டு. அதுவும் போகிறது. வோபாட் என்ற சாட்பாட் இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. 2017இல் வந்தது, 2025 ஜூன் 30ஆம் தேதியோடு அதன் ஆப்பை மூடிவிட்டார்கள்.

இப்போது அம்மா. உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது, கடைசி வரியில், அதுவும் மன்னிப்புக் கேட்பது போல. ஆப்பில் சேரும்போது வந்த பட்டியலில் நீங்கள் தொட்டது பதற்றமும் தூக்கமின்மையும். அந்த நிமிடத்திலேயே உங்களுக்கான பாதை முடிவாகிவிட்டது: பதற்றத்துக்கான பயிற்சிகள், தூக்கத்துக்கான ஒலிகள். அந்தப் பட்டியலில் ‘இழப்பு’ என்று ஒன்று இருந்ததா? இருந்தும் தொடாமல் விட்டீர்களா? புதியவர் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றபோது அம்மாவைச் சொன்னீர்களா? முதலாமவரிடம் சொல்லியிருந்தால், அம்மாவைத் தெரிந்த அந்த ஆளும் சொல்லாமல் போய்விட்டார் என்றல்லவா ஆகிறது?

நேரில் பார்க்காத ஒருவருக்கு இதுதான் நோய் என்று பெயர் சூட்டுவது என் வழக்கம் இல்லை. துக்கம் ஒரு வருடத்தில் முடிந்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் பெரியவர்களுக்கு ஒரு வருடம் கடந்தும் அன்றாடத்தை முடக்கிப்போடும் அளவுக்கு அது நீடித்தால், அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு. ‘நீடித்த துக்கம்’ என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்தது. பதற்றத்துக்குச் செய்யும் பயிற்சியும் துக்கத்துக்குச் செய்வதும் ஒன்றல்ல. மூச்சை எண்ணுவது படபடப்பை இறக்கும். அம்மாவின் அலமாரியைத் திறக்க முடியாமல் ஒருவர் பூட்டி வைத்திருந்தால் அதற்கு மூச்சுப் பயிற்சி பதில் ஆகாது. (அலமாரி நான் கற்பனையாகச் சொன்னது. உங்கள் வீட்டில் அது வேறு எதுவாகவும் இருக்கலாம்.) ஆண்டு நெருங்கும்போது உடம்பு முந்திக்கொண்டு நினைவுபடுத்துவது மிகவும் சாதாரணம். ஆகவே ‘அதனால்தானோ என்னவோ’ என்று நீங்கள் எழுதியதை ஆலோசகரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள்.

ரிவ்யூக்கள் ஏன் இரண்டாகப் பிளந்து கிடக்கின்றன என்பதும் உங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. அதற்குப் பெரிய மர்மம் இல்லை. ஆப் எப்போது நட்சத்திரம் கேட்கிறது என்று கவனியுங்கள். ஒரு பயிற்சி முடிந்து, மூச்சு சீராகி, திரையில் ‘அருமை!’ என்று வந்த கையோடு கேட்கும். அப்போது யார்தான் ஐந்து போட மாட்டார்கள்? ஒன்று போடுபவர்கள் வருவது வேறு சமயத்தில், சந்தாவை நிறுத்தப் போய் நிறுத்த முடியாமல் மூன்றாவது முறை பணம் எடுக்கப்பட்ட பிறகு. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவர் முதல் வாரத்தைப் பற்றி எழுதுகிறார், மற்றவர் பில்லைப் பற்றி எழுதுகிறார். உங்களைப் போல ஐந்தாவது மாதத்தில் இருப்பவர்கள் எழுதுவது அபூர்வம். ஏனென்றால் அங்கே ஆளே இல்லை. 93 மனநல ஆப்களை உண்மையில் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. நிறுவியவர்களில் 15ஆம் நாள் திறந்தவர்கள் நடுமதிப்பாக 3.9 சதவீதம், 30ஆம் நாள் 3.3 சதவீதம். நூறு பேரில் மூன்று பேர். மற்ற 97 பேர் குணமாகிப் போனார்களா, அலுத்துப் போனார்களா என்று நட்சத்திரம் சொல்லாது.

ஆய்வு முடிவுகளையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். மேலே சொன்ன வோபாட்டை 2017இல் 70 இளைஞர்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு சாட்பாட், பாதிப் பேருக்கு மனச்சோர்வு பற்றிய ஒரு மின்னூல். இரண்டு வாரத்தில் சாட்பாட் குழுவின் மனச்சோர்வு மதிப்பெண் மற்றக் குழுவைவிடத் தெளிவாகக் குறைந்தது. விளம்பரங்களுக்கு அது போதும். எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது இன்னொன்று: பதற்றம் இரண்டு குழுவிலுமே குறைந்தது. மின்னூலைப் படித்தவர்களுக்கும்கூட. இரண்டு வார நிம்மதி என்பது பல வழிகளில் வரும். அது வந்ததாலேயே சிகிச்சை நடந்துவிட்டது என்றாகாது, வந்தது பொய் என்றும் ஆகாது.

இவ்வளவு சொல்வதால் நான் ஆப்களுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். எண்ணங்களைப் பிடித்து எழுதிப் பார்க்கும் பயிற்சி, பயந்து ஒதுங்கும் இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகும் பயிற்சி, தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது, இவையெல்லாம் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் பகுதிகள். இணையம் வழியே, கூடவே ஒரு மனிதரின் வழிகாட்டலோடு செய்தால், பதற்றத்துக்கும் மிதமான மனச்சோர்வுக்கும் நேரில் பெறும் சிகிச்சைக்கு நெருக்கமான பலன் கிடைக்கிறது என்பதற்குப் பல ஆண்டு ஆய்வுகள் இருக்கின்றன. அந்த ‘கூடவே ஒரு மனிதர்’ என்பதை எடுத்துவிட்டால் பலனும் குறைகிறது, பாதியில் விடுபவர்களும் கூடுகிறார்கள்.

முதல் ஆறு வாரம் உங்களுக்கு மூச்சுப் பயிற்சி கைகொடுத்தது உண்மை. அதே பயிற்சி இப்போது வேறொன்றாக மாறியிருப்பதும் உண்மை. சார்ஜ் குறைந்தால் படபடப்பு வருகிறது என்றீர்களே, அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். இரவில் வருகிற அந்தத் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாகவே இறங்கும் தன்மை கொண்டது. நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது இறங்கும்போது உங்கள் கையில் போன் இருக்கிறது, திரையில் ஒரு வட்டம் விரிந்து சுருங்குகிறது. மனம் என்ன கணக்குப் போடும்? ‘வட்டம்தான் என்னைக் காப்பாற்றியது. வட்டம் இல்லையென்றால்?’ இதற்கு எங்கள் தொழிலில் பாதுகாப்பு நடத்தை என்று பெயர். காய்ச்சல் இல்லாத நாளிலும் மாத்திரைப் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொள்வது போல. பயத்தைத் தணிக்கிற பொருளே பயத்தை உயிரோடு வைத்திருக்கும்.

ஆகவே மூச்சை வைத்துக்கொள்ளுங்கள், வட்டத்தை விடுங்கள். முதலில் பகலில், பதற்றம் இல்லாத நேரத்தில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு மெதுவாக மூச்சு விட்டுப் பழகுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் போதும், எண்ண வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து இரவில் விழிப்பு வரும்போது போனை எடுப்பதைச் சில நிமிடம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அடுத்த இரவு மறுபடி. இதைத் தனியாகச் செய்வதைவிட ஆலோசகரோடு திட்டம் போட்டுச் செய்வது நல்லது, செய்தியில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து வாருங்கள். ஐந்து மாதத்தில் யாராவது உங்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? தைராய்டு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பின் தாளம் மாறினாலும் படபடப்பு வரும். சில மருந்துகளாலும் வரும். ஓர் இ.சி.ஜி., ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டால் அந்தப் பக்கத்துக் கதவை மூடிவிடலாம். எந்த ஆப்பும் உங்கள் நாடியைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஐந்து மாதம் எழுதியதெல்லாம் எங்கே இருக்கிறது என்பது. ஆலோசகர் அறையில் சொல்வதற்கு உள்ள சட்டக் காப்பு ஆப்பில் தட்டுவதற்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய தெரபி தளம், பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரியையும் வினாப்பட்டியல் விவரங்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் செலுத்தும்படி ஆயிற்று. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2020இல் ஒருவன் அங்கிருந்து திருடிய சிகிச்சைக் குறிப்புகளை வைத்து நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினான். பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 33,000 பேர்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சமூக ஊடகக் கணக்கு வழியாக உள்ளே நுழைந்திருந்தால் அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். சாட்பாட்டிடம் மற்றவர்களின் முழுப்பெயர், வேலை பார்க்கும் இடம் எல்லாம் எழுத வேண்டாம். என்றைக்காவது நிறுத்துவதானால், போனிலிருந்து ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது. சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும், கணக்கையும் தரவையும் அழிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். அழிக்கும் முன் உங்கள் உரையாடல்களை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரதிக்கு ஒரு பயன் இருக்கிறது. மூன்றாவது முறை கதை சொல்ல ஆகாது என்றீர்கள், அது நியாயம். சொல்ல வேண்டாம். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். நோயாளி கொடுக்கும் தாளை வாங்கிப் படிக்காத ஆலோசகர் இருந்தால் அவரிடம் உங்களுக்கு வேலை இல்லை. இரவில் என்ன நடக்கிறது, எத்தனை மாதமாக, வாரத்தில் எத்தனை முறை; அம்மா எப்போது, எப்படிப் போனார்கள்; என்னென்ன செய்து பார்த்தீர்கள், எது கொஞ்சம் உதவியது; முதல் ஆலோசகர் சொல்லாமல் போனது; முகத்தை மாற்றித் தொட்டது. முக்கால் பக்கம் போதும். எழுதும்போது எந்த வரியில் கை நிற்கிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நல்ல ஆலோசகர் அந்தப் புள்ளியிலிருந்து ஆரம்பிப்பார்.

தொடரலாமா, நிறுத்தலாமா? அந்தச் செய்தியை அனுப்பிவிட்டு நான்கு சந்திப்பு பாருங்கள். அளவுகோல் வரைபடம் வேண்டாம். இரவில் விழிப்பு வந்த நாட்களை ஒரு காகிதத்தில் குறியுங்கள், அதோடு நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் ஏதாவது ஒரு காரியத்தை அந்த மாதத்தில் செய்ய முடிந்ததா என்று பாருங்கள். இரண்டிலும் அசைவில்லை என்றால் அக்கா சொல்வது போல நேரில் ஓர் உளவியலாளரையும், தூக்கம் மிகவும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். மருந்து தேவைப்பட்டால் எழுதிக்கொடுக்க மருத்துவரால்தான் முடியும். நேரில் போனாலும் ஆப்பை வைத்துக்கொள்ளலாம், சந்திப்புகளுக்கு நடுவில் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகமாக. அக்காவையும் முதல் நாள் துணைக்குக் கூப்பிடுங்கள். அவரும் அம்மாவை இழந்தவர்தானே, இந்த ஒரு வருடத்தில் நீங்கள் இருவரும் அதைப் பற்றி எத்தனை முறை பேசியிருப்பீர்கள் என்று தெரியவில்லை.

நட்சத்திரம் கேட்டு வரும் பெட்டியை இப்போதைக்கு மூடிவிடுங்கள். இன்றிரவு அந்த ஐந்து முகங்கள் வரும்போது, உள்ளே எது இருக்கிறதோ அதைத் தொடுங்கள். சிவப்புப் பெட்டி வந்தால் அதன் கேள்வியைப் படித்து உண்மையான பதிலைச் சொல்லுங்கள். ஆபத்து இல்லையென்றால் ‘இல்லை’ என்று தொட்டு மூடலாம். மறுநாள் ஆலோசகர் அந்தக் கோடு இறங்கியதைக் கவனித்தாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.